நம்மைத் தோற்கடித்தவன் நம்மவன்



ஒவ்வொரு குழுவின் ரசிகனுக்கும் ஓர் எதிரி இருப்பான். அவன் காலில் பந்து பட்டாலே நமக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். எங்கள் தாமான் காற்பந்துக் குழுவுக்கும் அப்படி ஒருவன் வாய்த்தான். அவனைப் பற்றி எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால், அவனை எனக்குப் புரிய வைத்தவர் 1948-ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்ட ஓர் அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர். ஆகவே, முதலில் அவர் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அவர் பெயர் ஜார்ஜ் ஹெர்மன் ரூத். உலகம் அவரைப் பேப் ரூத் என்று அறியும். 1895 பிப்ரவரி 6-ஆம் நாள் பால்டிமோர் நகரில் பிறந்தார். தந்தை மதுக்கடை நடத்தினார். பெற்றோரால் அடக்க முடியாத பிள்ளையாகத் தெருவில் சுற்றித் திரிந்தவரை, ஏழு வயதிலேயே புனித மேரி தொழிற்பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஆதரவற்ற சிறுவர்களையும் அடங்காத சிறுவர்களையும் சேர்த்து வளர்த்த விடுதிப் பள்ளி அது. அங்கே சட்டை தைக்கக் கற்றுக்கொண்டார். மத்தாயஸ் என்ற துறவியிடம் பேஸ்பால் விளையாடக் கற்றுக்கொண்டார். வீடு வேண்டாம் என்று விட்ட பிள்ளைக்குத் திடல் வீடானது.

1914-இல் பால்டிமோர் நகரின் உள்ளூர்க் குழு ஒன்று அவரைச் சேர்த்துக்கொண்டது. குழந்தை என்று பொருள்படும் பேப் என்ற பட்டப்பெயர் அங்கேதான் ஒட்டிக்கொண்டது. அதே ஆண்டு ஜூலை மாதத்தில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் குழு அவரை வாங்கியது. அப்போது அவருக்கு வயது பத்தொன்பது.

பேஸ்பால் நமக்கு அதிகம் பழக்கமில்லாத விளையாட்டு. ஆரம்பப்பள்ளியில் ரவுண்டர்ஸ் விளையாடியவர்களுக்கு ஓரளவு விளங்கும். எறியப்படும் பந்தை மட்டையால் அடித்துவிட்டு, நான்கு தளங்களையும் சுற்றி ஓடி வர வேண்டும். பந்து வேலியைத் தாண்டிப் போய்விட்டால் அது ஹோம் ரன். கிரிக்கெட்டில் சிக்ஸர் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்! பொதுவாக, பந்து எறிபவர் நன்றாக அடிக்க மாட்டார். நன்றாக அடிப்பவர் எறிய மாட்டார். ரூத் இரண்டையும் செய்தார். எறிபவராகவே பாஸ்டனுக்கு 89 வெற்றிகளைத் தேடித் தந்தார். அவர் அங்கிருந்த காலத்தில் 1915, 1916, 1918 ஆகிய மூன்று ஆண்டுகளில் பாஸ்டன் உலகத் தொடரை வென்றது. 1919-இல் மட்டையைக் கையில் எடுத்து 29 ஹோம் ரன்கள் அடித்தார். அதற்கு முன் ஒரே பருவத்தில் யாரும் அவ்வளவு அடித்ததில்லை.

இப்படிப்பட்டவரை எந்தக் குழுவாவது கைவிடுமா? பாஸ்டன் கைவிட்டது!

குழுவின் உரிமையாளர் ஹாரி ஃப்ரேஸி நாடகத் தயாரிப்பாளர். அவருக்குக் கடன் இருந்தது. ரூத்தோ ஆண்டுக்கு 10,000 டாலராக இருந்த சம்பளத்தை 20,000-ஆக உயர்த்தக் கேட்டார். கட்டுப்பாடு இல்லாதவர், இரவெல்லாம் ஊர் சுற்றுபவர், நிர்வாகியோடு சண்டை போடுபவர் என்ற பெயரும் அவருக்கு இருந்தது. 1919 டிசம்பர் 26-ஆம் நாள் 100,000 டாலர் விலைக்கு அவர் நியூயார்க் யாங்கீஸ் குழுவிடம் விற்கப்பட்டார். அதோடு பாஸ்டனின் ஃபென்வே திடலை ஈடாக வைத்து ஃப்ரேஸிக்கு ஒரு பெரிய கடனும் கிடைத்தது. செய்தி வெளியானபோது பாஸ்டனில் எல்லாரும் கண்ணீர் விடவில்லை. தொல்லை விட்டது என்று நிம்மதி அடைந்தவர்களும் இருந்தார்கள்.

ஆனால், தொல்லை அன்றுதான் தொடங்கியது.

1920 மே 1-ஆம் நாள் யாங்கீஸ் சீருடையில் தம் முதல் ஹோம் ரன்னை ரூத் அடித்தார். யாருக்கு எதிராக? பாஸ்டனுக்கு எதிராகத்தான். அந்தப் பருவத்தில் அவர் ஒருவரே 54 ஹோம் ரன்கள் அடித்தார். பாஸ்டன் குழு முழுவதும் சேர்ந்து அடித்தது 22. 1923 ஏப்ரல் 18-ஆம் நாள் நியூயார்க்கில் யாங்கீ ஸ்டேடியம் திறக்கப்பட்டது. முதல் ஆட்டத்திற்கு வந்த விருந்தாளி அதே பாஸ்டன். அன்றும் ரூத்தின் ஹோம் ரன் மூன்று ஓட்டங்களைத் தந்தது. யாங்கீஸ் 4-1 என்று வென்றது. 1927-இல் அவர் 60 ஹோம் ரன்கள் அடித்துப் புதிய சாதனை படைத்தார். அவற்றில் ஐந்தை செப்டம்பர் 6, 7 ஆகிய இரண்டே நாள்களில் பாஸ்டன் மண்ணிலேயே அடித்தார். தன் வீட்டு வாசலில், தான் வளர்த்த பிள்ளையிடமே அடி வாங்குவது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ரூத் வருவதற்கு முன் யாங்கீஸ் ஒரு முறைகூட லீக் பட்டம் வென்றதில்லை. அவர் இருந்த 15 பருவங்களில் ஏழு முறை லீக் பட்டத்தையும் நான்கு முறை உலகத் தொடரையும் வென்றது. பாஸ்டனோ 1922 முதல் பல ஆண்டுகள் கடைசி இடத்தில் கிடந்தது. ரூத்தை மட்டும் விற்கவில்லையே! கார்ல் மேய்ஸ், வெய்ட் ஹாய்ட், ஹெர்ப் பென்னாக் என்று நல்ல நல்ல எறிபவர்களையும் அதே நியூயார்க்கிடம் கொடுத்துவிட்டது. அடுத்த உலகத் தொடர் வெற்றிக்காக பாஸ்டன் ரசிகர்கள் 86 ஆண்டுகள் காத்திருந்தார்கள். 1946, 1967, 1975, 1986 ஆகிய நான்கு முறையும் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம்வரை வந்து தோற்றார்கள். ரூத்தின் சாபம் என்று இதற்கு ஒரு பெயரும் வைத்துக்கொண்டார்கள். நான் கைக்குழந்தையாக இருந்த 2004-ஆம் ஆண்டில்தான் அந்தச் சாபம் தீர்ந்தது.

என்னைக் கேட்டால் அது சாபமே அல்ல. ரூத் யாரையும் சபிக்கவில்லை. அவர் விளையாடினார், அவ்வளவுதான். தன் கையில் இருந்ததை விலை பேசியவர்கள், அந்தத் தவற்றுக்கு விதி என்று பெயர் சூட்டினார்கள்.

ஆனாலும், பாஸ்டன் ரசிகர்களை நான் மதிக்கிறேன். அதற்குக் காரணம் 1934 ஆகஸ்ட் 12. அன்று ஃபென்வே திடலில் யாங்கீஸ் இரண்டு ஆட்டங்கள் ஆடியது. ரூத்துக்கு வயது 39. உடல் பருத்து, கால்கள் தளர்ந்திருந்தன. யாங்கீஸ் சீருடையில் அவரை அங்கே பார்ப்பது அதுவே கடைசி என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. 46,000-க்கும் மேற்பட்டோர் திடலை நிறைத்தார்கள். இரண்டாவது ஆட்டத்தின் நடுவில் அவர் திடலை விட்டு நடந்தபோது, பதினைந்து ஆண்டுகளாக அவரிடம் அடி வாங்கிய அந்த மக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

மறு ஆண்டு, பாஸ்டனின் இன்னொரு குழுவான பிரேவ்ஸ் அவரை அழைத்துக்கொண்டது. குழுவை வழிநடத்தும் வாய்ப்புக் கிடைக்கும் என்று நம்பி வந்தார், கிடைக்கவில்லை. 1935 மே 25-ஆம் நாள் பிட்ஸ்பர்க்கில் ஒரே ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன்கள் அடித்தார். அவற்றில் கடைசியானது அவருடைய 714-ஆவது. சில நாள்களில் ஓய்வு பெற்றார். நிர்வாகியாக வேண்டும் என்ற அவருடைய ஆசை கடைசிவரை நிறைவேறவில்லை. 1948 ஆகஸ்ட் 16-ஆம் நாள், 53 வயதில், புற்றுநோய் அவரைக் கொண்டுசென்றது.

இப்போது எங்கள் எதிரியின் கதைக்கு வருகிறேன்.

அவனும் நானும் ஒரே தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் ஒரே மேசையைப் பகிர்ந்தவர்கள். இடைநிலைப்பள்ளியில் வகுப்புகள் பிரிந்தாலும் மாலையில் திடல் எங்களைச் சேர்த்துவிடும். மூன்றாம் படிவத்தில் இருந்தபோது, தீபாவளிக் கிண்ணப் போட்டிக்கு எங்கள் தாமான் குழுவைத் தேர்ந்தெடுத்தோம். அவனுக்குச் சரியான காலணி இல்லை. பயிற்சிக்கு நேரத்தோடு வர மாட்டான். முன்கோபம் வேறு. அவன் வேண்டாம் என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

அவன் எதுவும் பேசாமல் பக்கத்துத் தாமான் குழுவில் சேர்ந்தான். அடுத்து வந்த ஆண்டுகளில் எங்களுக்கு எதிராக அவன் அடித்த கோல்களை எண்ணுவதையே நாங்கள் விட்டுவிட்டோம். அவன் பயிற்சிக்குத் தாமதமாக வந்ததற்குக் காரணம், மாலையில் அம்மாவின் பலகாரக் கடைக்கு உதவியதுதான் என்று எனக்குப் பின்னர்தான் தெரிய வந்தது. தெரிந்த பிறகும் நான் அவனிடம் போய்ப் பேசவில்லை. அவனைத் திட்டுவது எளிதாக இருந்தது. கை தூக்கிய அந்த மாலையை நினைப்பதுதான் கடினமாக இருந்தது.

சென்ற தீபாவளிக் கிண்ண இறுதியாட்டத்திலும் அவன் குழுதான் வென்றது. அதுவே அவனுக்குக் கடைசி ஆட்டம் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். சிங்கப்பூரில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. ஆட்டம் முடிந்து அவன் எங்கள் பக்கமாக நடந்து வந்தான். யாரும் கைதட்டவில்லை. என் கைகள் காற்சட்டைப் பைக்குள் இருந்தன.

அதற்குப் பிறகுதான், பல்கலைக்கழக நூலகத்தில் 1934-ஆம் ஆண்டின் அந்த ஆகஸ்ட் மாலையைப் பற்றிப் படித்தேன். 46,000 பேருக்கு முடிந்தது எனக்கு முடியாமல் போனதே என்று வெட்கப்பட்டேன். நம் சமுதாயத்தில் எத்தனை பேரை அடங்காதவன், உருப்படாதவன் என்று முத்திரை குத்தி இப்படி அனுப்பிவிடுகிறோம்! பிறகு அவர்கள் வேறிடத்தில் வென்றால், துரோகி என்கிறோம்.

இந்த இதழ் அச்சாகி வந்ததும் முதல் பிரதியை அவனிடம் கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறேன். விடுமுறைக்கு அவன் ஊருக்கு வரும்போது, அம்மாவின் கடைக்கே சென்று, என் கையாலேயே கொடுப்பேன். அவன் படிப்பானோ மாட்டானோ, தெரியாது. நண்பா, நீ அடித்த ஒவ்வொரு கோலும் அருமை. அன்று தட்டாத கைதட்டலைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.