கூடாரத்தில் மீண்ட வாழ்வு
இசபெல்லா பேர்ட் அம்மையார் (1831–1904)

எமது கல்லூரியில் படித்த எவருக்கும் பாசறை நாள்கள் மறந்திருக்க மாட்டா. மூன்று கல் அடுப்பிற் கொதித்த புகை மணக்கும் தேநீர், நடுச்சாமத்தில் ஒழுகிய கூடாரம், காலையிற் சேறு அப்பிய வெள்ளைச் சப்பாத்து. வீட்டில் ஒரு கோப்பை கழுவியறியாத நாங்கள் அங்கே கரிப்பானை தேய்த்தோம். அந்த இரண்டு மூன்று நாள்களால் என்ன பயன் என்று அன்று எமக்கு விளங்கவில்லை. வயது ஏறி, வீட்டில் ஒவ்வொரு கதிரையாக வெறுமையாகிய பின்னரே எம்மிற் சிலருக்கு அது விளங்கத் தொடங்கியது.

சங்கத்தின் நூற்றாண்டு மலரில் ஒரு பெண்ணின் வாழ்க்கை வரலாறு இடம்பெற வேண்டும் என்று எண்ணியபோது, பதவியால் உயர்ந்த ஒருவரை நாம் தேடவில்லை. இழக்கக் கூடாதவர்களை இழந்த பின்னர் எழுந்து நடந்த ஒருவரைத் தேடினோம். இவ்வாறு எம் கண்ணில் பட்டவரே இசபெல்லா பேர்ட் அம்மையார். இலங்கையின் முதலாவது பெண் சாரணியர் அணி 1917ஆம் ஆண்டு கண்டியில் அமைந்தது. அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே இவர் காலமாகிவிட்டார். ஆயினும் பாசறை வாழ்வு ஒரு பெண்ணுக்கு என்ன தரும் என்பதை இவரைப்போல வாழ்ந்து காட்டியவர்கள் சிலரே.

இசபெல்லா 1831 ஒக்டோபர் 15ஆம் திகதி இங்கிலாந்தின் யோர்க்ஷயர் பகுதியிற் பிறந்தார். தந்தையார் ஒரு மதகுரு. தங்கை ஹென்றியேற்றா மூன்று வயது இளையவர். இசபெல்லா உருவத்தில் மிகச் சிறியவர். வளர்ந்த பின்னரும் ஐந்து அடியை எட்டவில்லை. இளமையிலேயே முதுகெலும்பு நோய் அவரைப் பற்றியது. 1850இல் முதுகிலிருந்து ஒரு கட்டியைச் சத்திரசிகிச்சை செய்து அகற்றினார்கள். நோவு முற்றாகத் தீரவில்லை. நித்திரையின்மையும் மனச்சோர்வும் கூடவே வந்தன. பகலிலும் சாய்கதிரையிற் கிடக்கும் பெண்ணாக அவர் இருந்தார்.

கடற்பயணம் செய்தால் உடல் தேறும் என்று வைத்தியர்கள் கூறினர். 1854இல் தந்தையார் அவர் கையில் நூறு பவுண் கொடுத்து, அது தீரும் வரை அமெரிக்காவில் இருந்து வரும்படி அனுப்பினார். அந்தப் பயணம் முதல் நூலாயிற்று. ஆனால் 1858இல் தந்தையார் காலமானார். தாயும் மகள்மாரும் எடின்பரோ நகருக்குக் குடிபெயர்ந்தனர். 1866இல் தாயாரும் மறைந்தார். சகோதரிகள் இருவர் மட்டுமே மிஞ்சினர். ஹென்றியேற்றா ஸ்கொட்லாந்தின் மல் தீவில், ரோபர்மோறி என்ற சிற்றூரில் ஒரு குடிலில் அமைதியாக வாழ விரும்பினார். இசபெல்லாவின் உடலோ வீட்டிலிருந்தால் நலிந்தது. வெளியே போனால் நிமிர்ந்தது.

1872இல் மீண்டும் புறப்பட்டார். அவுஸ்திரேலியா அவருக்குப் பிடிக்கவில்லை. ஹவாய்த் தீவுகளில் அவர் வேறொரு மனிதராகிவிட்டார். அக்காலத்துச் சீமாட்டிகள் குதிரையில் ஒருபக்கமாகவே அமர்வார்கள். அது அவருடைய முதுகை வதைத்தது. தீவுப் பெண்களைப் பார்த்து இருபக்கமும் கால்போட்டு ஏறப் பழகினார், நோவும் குறைந்தது. மௌனா லோவா எரிமலையின் உச்சி வரை ஏறினார். 1873இன் இலையுதிர் காலத்தில் அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் தனித்துக் குதிரையேறி எண்ணூறு மைல்களுக்கு மேல் திரிந்தார். லோங்ஸ் சிகரத்திலும் ஏறினார். 1878இல் யப்பானின் வடபகுதிக் கிராமங்களுக்குச் சென்றார்.

இந்தப் பயணங்கள் எல்லாவற்றிலும் அவர் கண்டவற்றைக் கடிதமாக எழுதினார், தங்கைக்கே எழுதினார். மலையடிவாரத்தில் மை உறையும் குளிரிலும் எழுதினார். அக்கடிதங்களே பின்னர் நூல்களாயின. ஹென்றியேற்றா வீட்டில் இருந்தபடியால்தான் இசபெல்லா வெளியே போக முடிந்தது. திரும்பி வருவதற்கு ஒரு வாசலும் கதை கேட்பதற்கு ஒரு செவியும் அவருக்கு இருந்தன.

1880 யூன் மாதம் ஹென்றியேற்றா நெருப்புக்காய்ச்சலால் இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்து, கடைசி வரை பக்கத்தில் நின்றவர் வைத்தியர் ஜோன் பிஷப். இசபெல்லாவை மணக்க விரும்பி முன்னரே கேட்டு மறுக்கப்பட்டவர். அவரிலும் பத்து வயது இளையவர். 1881 மார்ச் 8ஆம் திகதி இருவரும் மணந்துகொண்டனர். மணமகள் தங்கைக்கான துக்க உடையுடனேயே திருமணத்துக்கு வந்தார். அப்போது அவருக்கு 49 வயது.

அந்த வாழ்வும் நீடிக்கவில்லை. நோயுற்ற ஒரு கடலோடிக்குச் சத்திரசிகிச்சை செய்தபோது வைத்தியர் பிஷப்புக்குக் கிருமித் தொற்று ஏற்பட்டது. அதன்பின் அவருடைய இரத்தம் வற்றிக்கொண்டே போனது. வெப்பமான காற்று உதவும் என்று மத்தியதரைக் கடலோரத்துக்கு அழைத்துச் சென்றார் மனைவி. 1886 மார்ச் 6ஆம் திகதி, ஐந்தாவது திருமண நாளுக்கு இரண்டு நாள் இருக்கையில், பிரான்சின் கான் நகரில் அவர் உயிர் பிரிந்தது.

ஆறு ஆண்டுகளுக்குள் இரண்டு மரணங்கள். 54 வயதில் பெற்றோரில்லை, தங்கையில்லை, கணவரில்லை, பிள்ளைகளில்லை. இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். நோவு என்றாற் பயணம் போவது அவருக்குப் பழகிய மருந்து. ஆனால் இந்த முறை, போய் வந்து சொல்வதற்கு எவருமில்லை. கடிதம் எழுதினால் உறையில் எந்தப் பெயரை எழுதுவது? ஹென்றியேற்றாவின் ரோபர்மோறிக் குடிலிற் சில காலம் தங்கிப் பார்த்தார். தங்கை செய்த பணிகளைத் தாமும் செய்ய முயன்றார். ஆனால் இன்னொருவருடைய வாழ்க்கையை வாழ அவரால் முடியவில்லை.

அவர் செய்தது வேறொன்று. இலண்டன் சென் மேரிஸ் வைத்தியசாலையிற் சேர்ந்து தாதியர் பணியைக் கற்றார். புண் கழுவவும் கட்டுப் போடவும் பழகினார். கணவரின் தொழிலை அவரால் தொடர முடியாது. கணவரின் கைகள் செய்தவற்றுள் சிலவற்றையேனும் தம் கைகளாற் செய்யலாம் என்று கண்டுகொண்டார். முன்னைய பயணங்களில் அவருக்குத் தேவைப்பட்டது காற்றும் வெளியும் மட்டுமே. இப்போது அவற்றுடன் ஒரு மருந்துப் பெட்டியும் சேர்ந்தது.

1889 பெப்ரவரியில் இந்தியாவுக்குப் புறப்பட்டார். காஷ்மீரில் மகாராசா அளித்த நிலத்தில், கணவர் பெயரால் ஜோன் பிஷப் ஞாபகார்த்த வைத்தியசாலை அமைய நிதி கொடுத்தார். பெண் வைத்தியரான ஃபனி பட்லர் அந்தப் பணியில் அவருக்குத் துணைநின்றார். அதே ஆண்டு ஒக்டோபரில் அவரும் காஷ்மீரிலேயே நோயுற்று இறந்தார். பஞ்சாபின் அமிர்தசரசில் தங்கையின் பெயரால் பெண்களுக்கான ஒரு வைத்தியசாலை எழுந்தது. இறந்தவர்கள் இருவரின் பெயர்களும் கல்லறைக் கல்லில் மட்டும் நில்லாமல், உயிர் காக்கும் வாசல்களின் மேலும் நின்றன.

அந்தக் கோடையில் லடாக் மலைநாட்டுக்குப் போனார். கூடாரம், ஒரு சில பணியாளர்கள், கியால்போ என்று பெயரிட்ட முரட்டுக் குதிரை. பெருங் கணவாய்களைக் கடந்து லே நகர் சேர்ந்தார். அங்கிருந்து மொறேவியன் மிஷனைச் சேர்ந்த றெட்ஸ்லோப் என்பவரின் துணையுடன் நுப்ரா பள்ளத்தாக்குக்குச் சென்றார். ஷயோக் ஆற்றைக் கடக்கையில் ஏறியிருந்த குதிரை இடறி வீழ்ந்து நீரில் மாண்டது. அம்மையாரின் விலா எலும்பு முறிந்தது. அவர் பயணத்தை நிறுத்தவில்லை.

1890 சனவரியில், 58 வயதில், பக்தாத்திலிருந்து தெஹ்ரானுக்குப் பனிக்காலத்திற் புறப்பட்டார். மேஜர் சோயர் என்ற படையதிகாரி உடன் சென்றார். உறைபனி மூடிய மலைகள், கால்நடைகளுடன் பகிர்ந்துகொண்ட இருட்டான சத்திரங்கள். 46 நாள்கள் கடந்து தெஹ்ரானை அடைந்தபோது உடல் மெலிந்து போயிருந்தது. ஆனால் கோடை வந்ததும் மீண்டும் கூடாரத்துடன் பக்தியாரி மலைவாசிகளிடம் சென்றார்.

அம்மையாரின் வாழ்வில் எம்மை மிகவும் தொட்ட பகுதி இதுதான். எங்கே கூடாரம் அடித்தாலும் விடியுமுன்னே வாசலில் ஆட்கள் குந்தியிருப்பார்கள். கண்நோயுற்ற குழந்தைகளுடன் தாய்மார், ஆறாத புண்ணுடன் ஆடவர், மூப்பையே நோயென்று காட்டி மருந்து கேட்கும் கிழவிகள். எல்லோருக்கும் மருந்து இல்லை. எல்லாவற்றையும் குணமாக்க அவர் வைத்தியருமல்லர். இருந்தும் இருட்டும் வரை ஒவ்வொருவராகப் பார்த்தார். கணவரை இழந்த ஒருவருக்குக் காலையில் எழும்புவதற்கே காரணம் தேவைப்படும். அந்தக் காரணம் தினமும் அவருடைய கூடார வாசலில் வந்து அமர்ந்திருந்தது.

கூடார வாழ்வு துக்கத்தை அழித்துவிட்டது என்று நாம் கூறமாட்டோம். அது துக்கத்துக்கு ஒரு நேரசூசியைக் கொடுத்தது. முளை அறைய வேண்டும், குதிரைக்குத் தீனி வைக்க வேண்டும், மழை வருமா என்று வானத்தைப் பார்க்க வேண்டும், இருட்டுமுன் நீர் எடுக்க வேண்டும். அந்தப் பயணத்தில் ‘போய்’ என்ற குதிரை நாய்க்குட்டிபோல அவர் பின்னே வந்தது. பின்னர் தனியாகவே குர்திஸ்தானையும் ஆர்மீனியரின் ஊர்களையும் கடந்து, 1890 டிசம்பரில் கருங்கடற் கரையை அடைந்தார். இந்தப் பயண நூலும் கடித வடிவிலேயே வந்தது. இம்முறை கடிதங்கள் நண்பர்களுக்கு எழுதப்பட்டவை. எழுதுவதற்கு ஒருவர் இல்லாமற் போனபோது, பலருக்கு எழுதக் கற்றுக்கொண்டார்.

நாடு திரும்பியதும், தாம் கண்ட ஆர்மீனிய மக்களின் இன்னலைப் பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினர்கள் முன் எடுத்துரைத்தார். 1892இல் இலண்டன் அரச புவியியற் கழகம் முதன்முறையாகப் பெண்களை அங்கத்தவர்களாக ஏற்றபோது, அந்த முதல் அணியில் அவர் இடம்பெற்றார். மறு ஆண்டே கழகத்தில் எதிர்ப்பெழுந்து, மேலும் பெண்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. 1913 வரை கதவு மீண்டும் திறக்கவில்லை.

அறுபது வயதளவிற் புகைப்படக் கலையைக் கற்றார். 1894 முதல் மூன்று ஆண்டுகள் கொரியாவிலும் யப்பானிலும் சீனாவிலும் கழிந்தன. யாங்சி நதியில் ஓடத்தையே இருட்டறையாக்கி இரவிற் படங்களைக் கழுவினார். அலசுவதற்கு நதிநீரே இருந்தது. மேற்குச் சீனாவில் வெளிநாட்டவர்மேல் சினங்கொண்ட கூட்டம் எறிந்த கல் அவர் தலையைத் தாக்கியது. 1901இல், எழுபதை நெருங்கிய வயதில், மொறொக்கோவில் அற்லஸ் மலைகளிற் குதிரையிற் சென்றார். சுல்தான் அளித்த குதிரை பெரியது, அம்மையார் சிறியவர். ஏணி வைத்தே ஏறினார்.

1904 ஒக்டோபர் 7ஆம் திகதி எடின்பரோவில் அவர் காலமானார். சீனாவுக்கு மறுபடி போவதற்கான பெட்டிகள் கட்டி ஆயத்தமாயிருந்தன. ரோபர்மோறித் துறைமுகத்தில் ஹென்றியேற்றாவின் நினைவாக எழுந்த மணிக்கூட்டுக் கோபுரம் இன்றும் நிற்கிறது.

அம்மையாரை நாம் குறையற்றவராகக் காட்ட விரும்பவில்லை. தாம் சென்ற நாடுகளைப் பேரரசு ஒன்றின் மகளாகவே பல இடங்களிற் பார்த்தார். சில மக்களைப் பற்றிய அவருடைய தீர்ப்புகள் இன்று படிக்கக் கசக்கும். நூல்களால் வந்த பணமும், சுமை தூக்கிய பணியாளர்களும் இல்லாமல் அந்தப் பயணங்கள் நடந்திரா. எல்லாப் பெண்களுக்கும் அது வாய்ப்பதில்லை.

ஆனால் எமக்கு இமயமலை வேண்டியதில்லை. இந்த மலரை வாசிக்கும் பழைய மாணவியரில் எத்தனை பேர் போரிலும் கடலிலும் நோயிலும் தம்மவரைப் பறிகொடுத்தவர்கள் என்பதை நாம் அறிவோம். ஊரில் தனித்திருப்போரும் உண்டு. குளிர்நாட்டில் ஜன்னலைச் சாத்தியபடி இருப்போரும் உண்டு. அவர்களை ஆறுங்கள் என்று சொல்ல எமக்கு உரிமையில்லை. ஒன்றை மட்டும் நினைவூட்டலாம். கூடார முளை அறையவும், ஈர விறகில் நெருப்பு மூட்டவும், பக்கத்திற் படுத்திருப்பவளின் காலுக்குக் கட்டுப் போடவும் எமது கல்லூரி எமக்குக் கற்றுத்தந்தது. அந்தக் கைகள் இன்னும் எம்மிடம் இருக்கின்றன. கதவைத் திறந்து கடற்கரை வரையாவது, பூங்கா வரையாவது நடக்கலாம். வழியில் எம் உதவி வேண்டி ஒருவர் குந்தியிருக்கக்கூடும்.

வீடு திரும்பியதும், கண்டதைச் சொல்ல எவருமில்லையே என்று தோன்றினால், சங்கத்துக்கு எழுதுங்கள். வாசிக்க நாங்கள் இருக்கிறோம்.