சரும வைத்தியப் பேராசிரியர் ஹெப்ரா

சருமம் எல்லார் கண்ணுக்கும் தெரியும் உறுப்பு. ஆயினும் அதில் தோன்றும் நோய்களை உள்ளவாறு காண வைத்தியர் நெடுங்காலம் அறிந்திலர். அரிப்பும் தடிப்பும் கெட்ட இரத்தத்தின் வெளிப்பாடே எனக் கருதி, நோயாளிக்குப் பேதி மருந்து கொடுத்தும் இரத்தம் வாங்கியும் வந்தனர். இம்மயக்கத்தை நீக்கியவருள் தலைசிறந்தவர் பெர்டினாண்டு ஹெப்ரா.

இவர் 1816ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் தேதி, அக்காலத்தில் ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்திருந்த மொராவியா நாட்டின் புரூன் நகரில் பிறந்தார். வியன்னாச் சர்வகலாசாலையில் வைத்தியம் பயின்று 1841இல் பட்டம் பெற்றபின், அந்நகரப் பொது ஆஸ்பத்திரியில் பேராசிரியர் ஸ்கோடாவுக்கு உதவியாளரானார். ஸ்கோடா நெஞ்சுநோய் வல்லுநர். அவர் பகுதியோடு சருமநோயாளர் விடுதியும் சேர்க்கப்பட்டிருந்தது. பிறர் பொருட்படுத்தாத அவ்விடுதியையே ஹெப்ரா தம் கல்விச்சாலையாகக் கொண்டார்.

அங்கே மிகுதியாயிருந்தவர் சொறிநோயாளர். நுண்ணிய பூச்சியொன்றே அந்நோய்க்குக் காரணமென்று 1687இலேயே இத்தாலியர் இருவர் எழுதியிருந்தும், வைத்திய உலகம் அதனை முற்றும் ஏற்கவில்லை. ஹெப்ரா அப்பூச்சியைத் தம் சருமத்திலேயே விட்டுச் சோதித்தார், சொறி உண்டாயிற்று. நோயாளர் பலரை ஆராய்ந்து, காரணம் பூச்சியே, இரத்தமன்று என 1844இல் வெளியிட்டார். பூச்சியைக் கொல்லும் மேற்பூச்சு இருக்க, மெலிந்த ஏழையரைப் பேதியால் மேலும் வாட்டுவது எதற்கு?

இவருக்கு முன்னரே லண்டன் வைத்தியர் ராபர்ட் வில்லான் சருமக் குறிகளை எட்டு வகுப்பாகப் பிரித்திருந்தார். நிறம் மட்டும் மாறுவது புள்ளி, கெட்டியாய் மேலெழுவது பரு, தெளிநீர் கொண்டது நீர்க்கொப்புளம், சீழ் கொண்டது சீழ்க்கொப்புளம், உலர்ந்து உதிர்வது செதில், இவ்வாறே பிறவும். இவ்வொழுங்கு பெரிதும் பயன்பட்டது. ஆனால் குறி வேறாயின் நோயும் வேறென்ற எண்ணத்துக்கு அது இடந்தந்தது. ஹெப்ரா நேர்வாள எண்ணெயைச் சருமத்திலே தேய்த்து நோக்கினார். செம்மையும் பருவும் நீர்க்கொப்புளமும் பொருக்கும் செதிலும் ஒரே அழற்சியின் படிகளாகக் காணப்பட்டன. கரப்பான் எனப்படும் எக்ஸிமா பல நோயன்று, பல கோலங் கொள்ளும் ஒரே நோய் என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

மற்றொரு பேருபகாரமும் இவர் செய்தார். முழங்கையிலும் முழங்காலிலும் சிவந்த படையும் வெள்ளி நிறச் செதிலுமாய்த் தோன்றுவது சோரியாசிஸ். இது பிறரைத் தொற்றாது. ஆயினும் குஷ்டரோகத்துக்குரிய பெயரே இதற்கும் வழங்கியமையால், இவ்விரண்டும் ஒன்றோடொன்று மயங்கிக் கிடந்தன. 1841இல் ஹெப்ரா அப்பெயரைக் களைந்து இரண்டையும் வேறுபடுத்தினார். குஷ்டரோகியென ஒதுக்கப்படுதல் எத்தகைய துன்பமென அறிந்தவர்க்கு, ஒரு பெயர் திருந்துவதும் ஓர் அறமென்பது விளங்கும்.

1856 முதல் சருமநோய்களின் வர்ணப் படத்தொகுதி இவர் முயற்சியால் வெளிவரலாயிற்று. 1869இல் முழுப் பேராசிரியர் பதவி பெற்ற இவர், 1880ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் தேதி வியன்னாவில் காலமானார்.

புறக்காரணங்களையே பெரிதும் நாடிய இவர் கொள்கை முற்றும் நிலைபெறவில்லை. சோரியாசிஸுக்கும் எக்ஸிமாவின் பல வகைகளுக்கும் உடலின் நோயெதிர்ப்பு இயக்கம் பிறழ்வதும் காரணமென இன்று அறிகிறோம். ஆயினும் இன்றும் வைத்திய மாணவர், புள்ளியா பருவா கொப்புளமா, எங்கே, எவ்வளவு, எந்நிறம் என்று கண்டு எழுதிய பின்னரே நோய்க்குப் பெயரிடக் கற்கின்றனர். முதலில் காண்க, பின்னர்ப் பெயரிடுக என்னும் அந்நெறி வைத்தியசாலைக்கு மட்டும் உரியதன்று; கல்வி பயிலும் அனைவர்க்கும் உரியதாம்.