சிப்பாய் எழுதிய இலக்கணம்

வெள்ளிக்கிழமை இரவு. இங்கிலாந்து நாட்டுப் பட்டாளக் கொட்டடி ஒன்றில் ஒரு வாலிபச் சிப்பாய் படுக்கப் போனான். உடையைக் கழற்றினான். காசைத் தேடினான். காணோம்!

தொலைந்தது அரைப் பென்னி. சின்னஞ்சிறு செப்புக்காசு. காலையில் ஒரு கருவாடு வாங்கித் தின்னலாம் என்று வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்த காசு அது. பசி குடலைப் பிடுங்கியது. சிப்பாய் கம்பளியால் தலையை மூடிக்கொண்டு குழந்தையைப் போல் அழுதான்.

அவன் மிடாக் குடியன் அல்ல. சூதாடியும் அல்ல. கையில் இருந்த காசையெல்லாம் பேனாவுக்கும் காகிதத்துக்கும் செலவழித்துவிட்டுப் பட்டினி கிடந்தான். ஆங்கில இலக்கணம் படிக்க வேண்டும் என்று அவனுக்கு வெறி!

அந்தச் சிப்பாய்தான் வில்லியம் காபெட். பின்னாளில் இங்கிலாந்து மந்திரிகளைத் தம் பேனாவால் நடுங்க வைத்தவர்.

உழவர் மகன்

காபெட் 1763-ம் ஆண்டு மார்ச் 9-ந் தேதி, சரே மாவட்டத்தில் பார்ன்ஹாம் என்ற ஊரில் பிறந்தார். பாட்டனார் கூலிக்காரர். தகப்பனார் சிறிய உழவர். வயலில் குருவி விரட்டுவதுதான் காபெட் பார்த்த முதல் வேலை. பள்ளிப் படிப்பு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. தகப்பனாரே இரவில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்.

1784-ல் பட்டாளத்தில் சேர்ந்தார். நாளைக்கு ஆறு பென்னி சம்பளம். அதில் சோப்பு, துணி வெளுப்பு, பூட்ஸ் எல்லாம் போக, சோற்றுக்கே போதாது.

சாத்தம் நகரில் இருந்த படைத் தலைவருக்குக் கடிதங்களை நகல் எடுக்க ஆள் தேவைப்பட்டது. காபெட்டின் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ஆனால் எழுத்தில் பிழைகள் மலிந்திருந்தன. இலக்கணம் படி என்று தலைவர் புத்தி சொன்னார். லௌத் என்ற பாதிரியார் எழுதிய இலக்கண நூல் ஒன்று காபெட்டின் கைக்கு வந்தது.

புத்தகம் புரியவில்லை. காபெட் விடவில்லை. முழுப் புத்தகத்தையும் இரண்டு மூன்று முறை கையால் எழுதினார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நெட்டுருப் போட்டார். காவலுக்கு நிற்கும்போதெல்லாம் ஒரு முறை முழுவதையும் மனத்துக்குள் ஒப்பித்தார்!

அவருக்கு மேஜை இல்லை. மடியில் வைத்த பலகைதான் மேஜை. மூட்டைப் பைதான் புத்தக அலமாரி. விளக்குக்குக் காசு இல்லை. கணப்பு வெளிச்சத்தில் படித்தார். அதுவும் அவருடைய முறை வந்தால்தான். சுற்றிலும் பத்துப் பேர் சிரிப்பார்கள், பாடுவார்கள், சீட்டியடிப்பார்கள். அதன் நடுவே படிப்பு.

எழுதப் படிக்கத் தெரிந்ததால் மளமளவென்று உயர்ந்தார். கனடாவில் இருந்தபோது, முப்பது சார்ஜெண்டுகளைத் தாண்டிச் சார்ஜெண்ட் மேஜர் ஆனார்.

தொடாத பணம்

அங்கேதான் ஆன் ரீட் என்ற பெண்ணைக் கண்டார். பீரங்கிப் படைக்காரர் ஒருவரின் மகள். கடுங்குளிரில், பனிக்கு நடுவே அவள் வீட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். இவள்தான் என் மனைவி என்று அப்போதே முடிவு செய்தார்.

அவளுடைய குடும்பம் முன்னதாகவே இங்கிலாந்து திரும்பியது. காபெட் தாம் சேர்த்த 150 கினி பொன்னையும் அவளிடம் கொடுத்து, கஷ்டப்படாமல் இரு என்று சொல்லி அனுப்பினார். சில ஆண்டுகள் கழித்து அவர் ஊர் திரும்பியபோது, ஆன் ஒரு வீட்டில் வேலைக்காரியாக இருந்தாள். ஆண்டுக்கு ஐந்து பவுன் சம்பளம். காபெட்டைக் கண்டதும் உள்ளே போய் 150 கினியையும் எடுத்து வந்து கையில் வைத்தாள். ஒரு காசுகூடக் குறையவில்லை! 1792-ல் இருவருக்கும் திருமணம் நடந்தது.

அதே ஆண்டில், சிப்பாய்களின் பணத்தை மேலதிகாரிகள் சுரண்டுகிறார்கள் என்று காபெட் புகார் கொடுத்தார். புகார் அவர் தலைக்கே வினையாகும் போல் இருந்தது. பிரான்சுக்கு ஓடினார், பிறகு அமெரிக்காவுக்குப் போனார். அங்கே பிரெஞ்சு அகதிகளுக்கு ஆங்கிலம் கற்றுக் கொடுத்துப் பிழைத்தார்.

1800-ல் நாடு திரும்பிப் பத்திரிகை நடத்தினார். சிப்பாய்களைச் சாட்டையால் அடித்ததைக் கண்டித்து எழுதியதற்காக 1810-ல் இரண்டு ஆண்டுச் சிறை, ஆயிரம் பவுன் அபராதம். வெளியே வந்தும் அடங்கவில்லை. 1816-ல் பத்திரிகையை இரண்டு பென்னி விலையில் போட்டார். வாரம் 40,000 படிகளுக்கு மேல் விற்றது. கூலிக்காரர்கள் கூட்டமாக உட்கார, ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்டார்கள்.

அந்த நாளில் ஏழைகளுக்கு ஓட்டு இல்லை. ஓட்டுக் கேட்டுப் பார்லிமெண்டுக்கு மனுக்கள் குவிந்தன. அச்சடித்த மனு செல்லாது என்றும், சொற்களில் மரியாதை இல்லை என்றும் பல மனுக்கள் தள்ளப்பட்டன. ஏழைக்கு நியாயம் இருந்தது. அதை எழுதத் தெரியவில்லை. அரசாங்கம் விசாரணையின்றிச் சிறையில் அடைக்கும் அதிகாரம் பெற்றதும், 1817-ல் காபெட் மறுபடியும் அமெரிக்கா போனார்.

மகனுக்குக் கடிதங்கள்

அங்கே, லாங் ஐலண்டில் ஒரு பண்ணையில் இருந்துகொண்டு, மூன்றாவது மகன் ஜேம்சுக்கு எழுதும் கடிதங்களாகவே ஓர் ஆங்கில இலக்கணத்தை எழுதினார். சிப்பாய்கள், மாலுமிகள், தொழில் பழகும் பையன்கள், ஏர் ஓட்டும் பிள்ளைகள் ஆகியோருக்கான நூல் என்று முகப்பிலேயே போட்டார். 1818-ல் நியூயார்க்கிலும், அடுத்த ஆண்டு லண்டனிலும் வெளிவந்தது.

ஆங்கிலத்தில் சொல் நிற்கும் இடம் மிக முக்கியம். தமிழில், நாய் மனிதனைக் கடித்தது என்றாலும், மனிதனை நாய் கடித்தது என்றாலும் பொருள் ஒன்றே. ஐ என்ற உருபு காப்பாற்றுகிறது. ஆங்கிலத்தில் இரண்டு பெயர்ச்சொற்களையும் இடம் மாற்றினால் மனிதன் நாயைக் கடித்துவிடுவான்! மட்டும் என்று பொருள்படும் ஒன்லி என்ற சொல்லும் அப்படித்தான். உரிய சொல்லுக்குப் பக்கத்தில் நிற்காவிட்டால், பழம் மட்டும் தின்றவன், தான் மட்டும் தின்றவன் ஆகிவிடுவான். வினையைத் தழுவி வரும் இத்தகைய சொற்களை வைக்கும் இடத்தில் மிகுந்த கவனம் வேண்டும் என்று காபெட் மகனுக்கு எழுதினார்.

இட் என்ற சின்னச் சொல்லிடமும் அவருக்குப் பயம். அது எந்தப் பெயருக்குப் பதிலாக நிற்கிறது என்று யோசிக்காமல் எழுதவே கூடாது என்றார். சொல்லின் மேலே போடும் சிறு கொம்புக் குறி, அரசனுடைய குதிரை என்பதுபோல் உடைமையைக் காட்ட வந்தால் சரி. எழுத்துக்களை விழுங்குவதற்குப் போட்டால் சோம்பேறித்தனம் என்று திட்டினார்.

கூட்டத்தைக் குறிக்கும் பெயர்ச்சொல்லுக்கு ஒருமை வினையும் வரலாம், பன்மை வினையும் வரலாம். ஆனால் ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலக்கக் கூடாது. இதற்கு அவர் கொடுத்த உதாரணங்கள்தான் குறும்பு. பட்டாளம், பார்லிமெண்டு, திருடர் குகை என்று ஒரே வரிசையில் அடுக்கிவிட்டார்!

அகராதி எழுதிய பெரும் புலவர் ஜான்சனின் எழுத்திலிருந்தே பிழைகளை எடுத்துக் காட்டினார். 1823-ம் ஆண்டுப் பதிப்பில் மேலும் ஆறு பாடங்களைச் சேர்த்தார். அவை ஆட்சியாளர்களுக்கான பாடங்கள். பார்லிமெண்டில் நிகழ்த்தப்பட்ட உரையையும், மந்திரிகளின் கடிதங்களையும் வரி வரியாகப் பிரித்து, இங்கே பெயர் தவறு, அங்கே வினை தவறு என்று வாத்தியாரைப்போல் திருத்தினார். எல்லா இடத்திலும் அவர் சொன்னது நியாயம் என்று சொல்ல முடியாது. கோபத்தில் சில இடங்களில் வேண்டுமென்றே குற்றம் கண்டுபிடித்தார். ஆனாலும் ஏர் பிடித்தவர்கள் ஆட்சியாளர்களின் பிழையைப் படித்துச் சிரித்தார்கள்.

1832-ல் ஓல்டாம் தொகுதி மக்கள் அவரைப் பார்லிமெண்டுக்கே அனுப்பினார்கள். அப்போது அவருக்கு வயது 69. மூன்று ஆண்டுகளுக்குள், 1835 ஜூன் 18-ந் தேதி காலமானார். பிறந்த ஊரான பார்ன்ஹாமில் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

இலக்கண நூல் அதன் பிறகும் பல முறை அச்சாயிற்று. பிற்காலப் பதிப்பு ஒன்றில் உச்சரிப்பு பற்றிய புதிய பகுதி ஒன்றும் சேர்ந்தது. அதை எழுதியவர், அந்தக் கடிதங்களைப் பெற்ற மகன் ஜேம்ஸ்.