வளமும் வறுமையும் கண்ட நாமக்கல் கவிஞர்

காவிரிக் கரையை விட்டுச் சற்று விலகினால் சேலம், நாமக்கல் வட்டாரம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமியே. மழை பொய்த்தால் வாழ்ந்த குடும்பமும் தாழ்ந்துவிடும். 1876 முதல் 1878 வரை நிலவிய தாது வருடப் பஞ்சம் இவ்வுண்மையைக் கொடுமையாக உணர்த்தியது. அப்பஞ்சம் ஓய்ந்து பத்தாண்டுகள் கழித்து, 1888 அக்டோபர் 19 அன்று மோகனூரில் பிறந்தவர் வெ. இராமலிங்கம் பிள்ளை. பெற்றோருக்கு அவர் எட்டாவது குழந்தை. தந்தையார் காவல்துறை ஊழியர். நிலத்தை நம்பியோர் தவித்த அந்நாளில், மாதச் சம்பளமே அக்குடும்பத்திற்கு வேலியாக இருந்தது.

கோவையிலும் திருச்சியிலும் கல்வி பயின்ற இராமலிங்கத்திற்கு அரசு வேலை எட்டாக்கனி அன்று. நாமக்கல் தாசில்தார் அலுவலகத்தில் எழுத்தராகவும், பின்னர் ஆசிரியராகவும் சில காலம் பணியாற்றினார். ஆயினும் மனம் தூரிகையையே நாடியது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் ஓவியத்தைத் தீட்டித் தங்கப் பதக்கம் பெற்றார். ஓவியம் புகழோடு பொருளும் தந்தது.

அவ்வருவாயைப் பெரிதென எண்ணாமல் விடுதலைப் போரில் இறங்கினார். 1930இல் இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் நோக்கி நடந்த தொண்டர்கள் இவர் இயற்றிய வழிநடைப் பாடலைப் பாடிச் சென்றனர். 1932இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். ஓவியன் கை ஓய்ந்தால் வீட்டில் வருவாய் ஏது? மன்னரை வரைந்து பதக்கம் பெற்ற கை, அம்மன்னரின் ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றது. வறுமையும் அவர் வாழ்வில் இடம்பெற்றது.

நாடு விடுதலை பெற்றபின் காலம் மாறியது. 1949இல் சென்னை மாகாண அரசு அவரை அரசவைக் கவிஞராக்கியது. அவருடைய 'மலைக்கள்ளன்' நாவல் 1954இல் திரைப்படமாகி வெற்றி கண்டது. 1971இல் பத்மபூஷண் விருது வந்தது. 1972 ஆகஸ்ட் 24 அன்று அவர் மறைந்தார். இன்று சென்னைத் தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டடமும், நாமக்கல் அரசு மகளிர் கலைக் கல்லூரியும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

மாணவ நண்பர்களே! பஞ்சத்தால் வரும் வறுமை கேளாமல் வருவது. கவிஞரின் வறுமையோ கொள்கைக்காக ஏற்றது. ஆனால் அதன் சுமையைத் தாங்கியவர் அவர் ஒருவர் மட்டுமல்லர்; அடுப்படியில் இருந்தோரும் தாங்கினர். அவரைப் போலவே சிறை சென்ற எத்தனையோ தொண்டர்களின் வீடுகளுக்குப் பட்டமும் வரவில்லை, பதவியும் வரவில்லை. கவிஞரைப் போற்றும்போது அப்பெயரறியாக் குடும்பங்களையும் நினைவில் கொள்வது நம் கடமையாகும்.