கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்த ராமன்

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். அந்த வாரம் பிள்ளைகளுடைய பள்ளிகளில் கண்காட்சி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். போன வருஷம் என் பேத்திக்குச் சூரிய மின்சாரம் என்று தலைப்பு கொடுத்தார்கள். நான் கடைக்குப் போய்த் தயாராக இருந்த தெர்மோகோல் வீடு ஒன்றை வாங்கி வந்தேன். கூரையில் பேனல், உள்ளே குட்டி விளக்கு. பார்க்க வந்த ஒரு பெரியவர் பேனலைக் கையால் மறைத்துப் பார்த்தார். விளக்கு அணையவே இல்லை. அடியில் பேட்டரி, பேனல் என்று இருந்தது வெறும் வர்ணம் பூசிய அட்டை. பேத்தி என் முகத்தைப் பார்த்தாள். நான் பி.காம். படித்து வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன், என்ன சொல்ல முடியும்?

அந்த வெட்கத்தில்தான் இந்த நாளுக்குக் காரணமான சர் சி.வி. ராமனைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். பிப்ரவரி 28 அவர் பிறந்த நாள் என்று பலர் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவர் பிறந்தது 1888 நவம்பர் 7, திருவானைக்காவலில். பெரம்பலூரும் அரியலூரும் 1995 வரை திருச்சி மாவட்டத்தில்தான் இருந்தன. அந்தக் கணக்கில் அவர் நம் மாவட்டத்துக்காரர்.

அப்பா சந்திரசேகர ஐயர் ஆசிரியர். அவருக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி வேலை கிடைக்க, குடும்பம் அங்கே போனது. ராமன் பதினொரு வயதில் மெட்ரிகுலேஷன் தேறி, 1904-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் முதலிடத்தில் பி.ஏ. முடித்தார். மேல்படிப்புக்கு இங்கிலாந்து போக உடம்பு தாங்காது என்று டாக்டர் தடுத்துவிட்டார். அதனால் நிதித்துறைத் தேர்வு எழுதினார். அதிலும் முதலிடம். 1907-ல் லோகசுந்தரி அம்மாளை மணந்து, பதினெட்டு வயதில் கல்கத்தாவுக்கு உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகப் போனார்.

இந்த இடத்தில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பத்து வருஷம் அவர் நம்மைப் போல டெபிட், கிரெடிட் பார்த்தவர்! பௌபஜார் தெருவில் 1876-ல் மகேந்திரலால் சர்க்கார் தொடங்கிய அறிவியல் சங்கம் ஒன்று இருந்தது. கருவிகள் இருந்தும் பயன்படுத்த ஆளில்லை. ராமன் விடியற்காலையில் அங்கே போவார். வீட்டுக்கு வந்து சாப்பிட்டு அலுவலகம். மாலை ஐந்துக்கு மறுபடி சங்கம், இரவு வரை. அதற்காக அலுவலகக் கணக்கில் குறை வைத்தவரும் இல்லை. ஐந்து மணிக்குக் கவுண்டரை மூடிவிட்டுப் பேலன்ஸ் டேலி ஆனால் போதும் என்று வீட்டுக்கு ஓடியவன் நான். சும்மா சொல்லி வைக்கிறேன்.

1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி கொடுத்தது. சம்பளம் ஏறக்குறைய பாதி. அரசு வேலையை ராஜினாமா செய்துவிட்டுப் போனார். மனைவி உள்ள மனிதர் அப்படிச் செய்வது எவ்வளவு பெரிய காரியம் என்று மாதச் சம்பளக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்.

1921-ல் இங்கிலாந்து போய்த் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. கடல் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்று அன்று பெரிய விஞ்ஞானிகளே சொல்லியிருந்தார்கள். ராமனிடம் நிக்கோல் பட்டகம் என்ற சிறு கண்ணாடி போன்ற கருவி இருந்தது. அதைத் திருப்பி வைத்துப் பார்த்தால் நீர்ப்பரப்பில் பட்டு வரும் வான வெளிச்சம் மறைந்துவிடும். மறைத்துப் பார்த்தார். நீலம் போகவில்லை. அப்படியானால் தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது. கப்பல் பம்பாய் சேர்ந்தபோது கட்டுரை தயார்.

அந்தப் பட்டகம் எதனால் ஆனது தெரியுமா? தெளிவான கால்சைட் படிகம். அரியலூரில் சிமெண்ட் ஆலைக்கு லாரி லாரியாகப் போகிறதே சுண்ணாம்புக்கல், அதன் முக்கியச் சரக்கும் அதே கால்சைட்தான். அங்கே கிளையில் இருந்த வருஷங்களில் சட்டையில் படிந்த வெள்ளைத் தூசியைத் தட்டித் தட்டி அலுத்துப்போனவன் நான். அதற்குள் இப்படி ஒரு சங்கதி இருப்பது இப்போதுதான் தெரிகிறது.

அடுத்த ஏழு வருஷம் அவரும் மாணவர்களும் எத்தனையோ திரவங்களில் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். முதலில் விளக்கு ஜன்னல் வழி வந்த சூரியன், அளவுகோல் மனிதக் கண். நீல வடிகட்டி வழியாக ஒளியை உள்ளே விட்டு, வெளியே வருவதைப் பச்சை வடிகட்டி வழியாகப் பார்த்தார்கள். நீலம் மட்டுமே வந்தால் ஒன்றும் தெரியக்கூடாது. மங்கலாக ஏதோ தெரிந்தது. கே.எஸ். கிருஷ்ணன் உடனிருந்து உழைக்க, 1928 பிப்ரவரி 28-ல் அது புது ஒளிதான் என்று உறுதியாயிற்று. 1930-ல் நோபல் பரிசு.

என் பாணியில் சொல்கிறேன். ஒளி ஒரு மூலக்கூறில் மோதித் திரும்பும்போது பெரும்பாலும் கொண்டு வந்த ஆற்றல் முழுவதையும் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடும். கோடியில் ஒன்று போல மிகச் சிறு பங்கு மட்டும் கமிஷன் கட்டிவிட்டு வெளியேறும். ஆற்றல் குறைந்தால் நிறம் மாறும். சில சமயம் மூலக்கூறே கொஞ்சம் வட்டி சேர்த்துத் தருவதும் உண்டு. ஒவ்வொரு பொருளும் பிடிக்கும் கமிஷன் வேறு வேறு. அதனால் நிறம் எவ்வளவு மாறியது என்று பார்த்தே பொருள் எது என்று சொல்லிவிடலாம். குடிநீரில் கலந்திருக்கும் பிளாஸ்டிக் துகளை இன்று இந்த முறையிலும் அடையாளம் காண்கிறார்கள்.

எல்லாம் புகழ்ச்சியாக எழுத மனம் வரவில்லை. 1933-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். அந்த வருஷமே கமலா என்ற மாணவியைப் பெண் என்பதற்காகச் சேர்க்க மறுத்தார். அந்தப் பெண் விடவில்லை. நிபந்தனை போட்டுச் சேர்த்தார், பிறகு தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். கமலா சோஹோனி பின்னாளில் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் வாங்கினார். பேத்திக்கு இந்தப் பகுதியை இரண்டு தடவை படித்துக் காட்டினேன். கோபக்காரர் என்ற பெயரும் ராமனுக்கு உண்டு. 1937-ல் சர்ச்சையில் இயக்குநர் பதவியை விட்டார், பேராசிரியராக மட்டும் தொடர்ந்தார்.

ஓய்வுக்குப் பிறகு பெங்களூரிலேயே சொந்த ஆய்வு நிலையம் அமைத்தார். சிப்பி, முத்து, ரத்தினக்கல், பூ என்று நிறம் உள்ளதையெல்லாம் ஆராய்ந்தார். 1954-ல் பாரத ரத்னா. 1970 நவம்பர் 21-ல் காலமானார். ஆய்வு நிலையத் தோட்டத்திலேயே தகனம் செய்தார்கள். அந்த இடத்தில் சமாதி எழுப்பவில்லை, ஒரு மரம் வைத்தார்கள்.

இந்த வருஷம் பேத்தி கடைச் சரக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கண்ணாடி டம்ளரில் தண்ணீர், நாலைந்து சொட்டு பால், ஒரு டார்ச். அறையை இருட்டாக்கி டார்ச்சை டம்ளரின் ஒரு பக்கம் வைத்து அடியுங்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால் தண்ணீர் லேசான நீலம். எதிர்ப்பக்கம் நின்று டம்ளர் வழியாக டார்ச்சைப் பார்த்தால் மஞ்சள், இன்னும் கொஞ்சம் பால் விட்டால் ஆரஞ்சு. பகல் வானமும் அந்தி வானமும் ஒரே டம்ளரில்! போலராய்டு கூலிங் கிளாஸ் இருந்தால் பக்கவாட்டில் நின்று அதை மெல்லச் சுழற்றிப் பாருங்கள், அந்த நீலம் மங்கிக் கூடும். ராமன் பட்டகத்தை வைத்துச் செய்தது ஏறக்குறைய இதுதான்.

பிப்ரவரி 28 மாலை ஏழு மணிக்கு நம் பொது அறையில் இதைச் செய்து காட்டப் போகிறோம். பிள்ளைகள் ஆளுக்கொரு டம்ளரும் டார்ச்சும் கொண்டு வரட்டும். பால் என் செலவு.