சௌந்தரம் அம்மா: படிப்பை விட்ட இடத்தில் தொடங்கியவர்

திண்டுக்கல்லில் இருந்து மதுரை போகிற வழியில், சின்னாளப்பட்டி பக்கம் காந்திகிராமம் வரும். அதை உருவாக்கியவர்களில் ஒருவர் டாக்டர் டி.எஸ்.சௌந்தரம். யார் இவர்?

டிவிஎஸ் நிறுவனர் டி.வி.சுந்தரம் அய்யங்காரின் மகள். பிறந்தது 1904-ல். சின்ன வயசிலேயே கல்யாணம். சில ஆண்டுகளில் கணவர் இறந்துவிட்டார். கைம்பெண் என்றால் வீட்டோடு முடங்கணும் என்றிருந்த காலம். அவரோ மறுபடி புத்தகத்தைக் கையில் எடுத்தார். டெல்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் 1936-ல் மருத்துவப் பட்டம் வாங்கும்போது வயது 30-ஐத் தாண்டியிருந்தது. 1940-ல் காந்தியின் ஆசியுடன், சாதி கடந்து ஜி.ராமச்சந்திரனை மணந்தார்.

1947-ல் இருவரும் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். அங்கே பிள்ளைகளுக்கு ஆதாரக் கல்வி. அதாவது, நூல் நூற்கும்போதே கணக்கு, தோட்ட வேலையிலேயே அறிவியல்.

அப்போ இது குலக்கல்வியா? இல்லை. ராஜாஜியின் 1953 திட்டத்தில் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில். எதிர்ப்பு வலுத்து 1954-ல் அது கைவிடப்பட்டது. ஆதாரக் கல்வியில் யார் வீட்டுப் பிள்ளையானாலும் ஒரே கைத்தொழில், அதுவும் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே.

1962-ல் திண்டுக்கல் எம்.பி.யான சௌந்தரம், மத்திய கல்வித் துணை அமைச்சரானார். 1984-ல் மறைந்தார். நாடு முழுக்க ஆதாரப் பள்ளிகள் மெல்ல வழக்கமான பள்ளிகளாக மாறிவிட்டன. காந்திகிராமத்தில் 1956-ல் தொடங்கிய கிராமியக் கல்வி நிலையமோ 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி, இன்னைக்கும் இயங்குகிறது.