யாழ் கண்ட துறவி

யாழ்ப்பாணம் என்னும் பெயரை நாடோறும் எழுதியும் பேசியும் வருகின்ற நம்மிற் பலர் ஒரு யாழைக் கண்ணாற் கண்டதில்லை. கண்ணிழந்த பாணன் ஒருவன் யாழிசைத்து இம்மணற்றிடரைப் பரிசிலாகப் பெற்றான் என்னும் கதையைச் சிறுவயதிலே கேட்கிறோம். பாணன் பெயர் நின்றது. அவன் கையிலிருந்த கருவி மறைந்தது. இருபத்தைந்தாண்டுக்கு மேலாகச் சிலப்பதிகாரங் கற்பித்துவரும் யானும், யாழ் என்பது ஓர் இசைக்கருவி என்று மாணவரை எழுதச்செய்து அப்பாற் சென்றவனே.

தச்சுத்தொழில் செய்வார் ஒருவரின் மகன் என் வகுப்பிற் படித்தான். அக்கருவியை எந்த மரத்தாற் செய்தார்கள் என்று அவன் ஒருநாள் வினவினான். விடை கூற இயலாமல் நின்ற அந்நாளிலேதான், பண்டிதர் பரீட்சைக்காக ஒருமுறை படித்து வைத்துவிட்ட யாழ் நூலை மீண்டும் கையிலெடுத்தேன். அந்நூலைச் செய்த விபுலானந்த அடிகளாரின் வாழ்வு, அவ்வினாவுக்கு விடை தேடிய வாழ்வாகவே எனக்குத் தோன்றுகிறது.

அடிகளார் 1892ஆம் ஆண்டு மட்டக்களப்பைச் சார்ந்த காரைதீவிலே சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மகனாகத் தோன்றினார். பிள்ளைப்பெயர் மயில்வாகனம். ஆங்கிலக் கல்வியும் தமிழ்க் கல்வியும் அவரிடம் ஒருங்கே வளர்ந்தன. 1916ஆம் ஆண்டில் கொழும்பிலே விஞ்ஞானத்திற் சான்றிதழ் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலுந் தேறினார். இலங்கையரில் அதில் முதன்முதலாகத் தேறியவர் அவரே. 1917இல் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரிக்கு விஞ்ஞான ஆசிரியராக வந்தார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமையாசிரியரானார். 1921இல் ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் இங்கு தோன்றியபோது துணைநின்றவர்களுள் அவரும் ஒருவர். எம்போன்றார் பண்டிதர் எனப் பெயர் பெறுதற்கு வழியமைத்த சங்கம் அது.

1922இல் அவர் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார். 1924இல் துறவு பூண்டு விபுலானந்தர் எனப் பெயர் கொண்டார். பின்னர் ஈழத்துக்கு மீண்டு பாடசாலைகளை நடத்தினார். மட்டக்களப்பிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதற்றமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். இடையே இமயத்து மாயாவதியிலிருந்து பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில இதழை நடத்தினார். இவ்வளவு பணிகளுக்கிடையே ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் அவர் விடாது செய்த ஆராய்ச்சியே யாழ் நூலாக முடிந்தது.

அந்நூலின் வித்து மிகச் சிறியது. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் யாழாசிரியனது இயல்பைக் கூறும் இருபத்தைந்து அடிகளுக்குப் பொருள் காண முயன்றதே பாயிரவியல் முதல் ஒழிபியல் ஈறாக ஏழு இயல்களாய் விரிந்தது. தமிழ்ப் புலமை மாத்திரம் உடையவர் அவ்வடிகளுக்குச் சொற்பொருள் கூறி அமைந்திருப்பர். விஞ்ஞானம் மாத்திரம் கற்றவர் அவ்வடிகளை அறிந்திரார்.

கருவி செய்யப் புகுவான் முதலிலே தெளிய வேண்டுவது, அஃது எவ்வினத்தது என்பதாகும். யாழும் வீணையும் ஒன்றே என்று கருதினாரும் உளர். அடிகளார் அக்கருத்தை மறுத்தார். வீணையிலே ஒரு தந்தியை மெட்டுக்களின்மேல் அழுத்திப் பல சுரங்களைப் பெறுகிறோம். மேனாட்டுக் கித்தாரும் அவ்வகையினதே. யாழிலோ ஒரு நரம்புக்கு ஓரிசை. வில்லிலே நாண் கட்டியதுபோல வளைந்த கோட்டுக்கும் பத்தருக்கும் இடையே நரம்புகள் வெறுவெளியில் நிற்கும். அமராவதிச் சிற்பங்களிலே இவ்வடிவைக் காணலாம். பர்மியர் இன்றும் வாசிக்கும் வளைகோட்டுக் கருவி இவ்வினத்தைச் சேர்ந்ததே.

அடுத்தது மரம். பத்தருக்குக் குமிழும் முருக்கும் தணக்கும், கோட்டுக்குக் கொன்றையும் கருங்காலியும் ஏற்றன என்பது பழைய உரையாளர் கொள்கை. இதன் காரணத்தை எந்தத் தச்சரும் அறிவார். பத்தர் இலேசான மரமாயின் நரம்பின் சிறு அசைவுக்கும் அதிர்ந்து ஒலியைப் பெருக்கும். கோடு நரம்புகள் அனைத்தின் இழுவையையுந் தாங்குவது. அது நெகிழ்ந்தால் சுருதி நில்லாது. நீரில் நின்றது, அழுகியது, வெந்தது, இடிவீழ்ந்தது ஆகிய மரங்கள் ஆகா என்று சீவக சிந்தாமணி விலக்குகிறது. காந்தருவதத்தையின் மண்டபத்திலே சீவகன் நரம்பின் முறுக்கைப் பிரித்து, உள்ளே மயிரிருப்பதைக் காட்டிய செய்தியையும் மாணவர் அறிவர். சீரில்லாத நரம்பு சீராக அதிராது என்பதை அப்புலவர் அறிந்திருந்தார்.

மூன்றாவது, நரம்புகளின் தொகை. பேரியாழுக்கு 21, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்பது மரபு. இவ்வெண்கள் வெறும் வாய்பாடல்ல என்பதைப் பாலைத்திரிபியலைப் படித்தபின்னரே யான் உணர்ந்தேன். ஏழு நரம்புகளைச் செம்பாலைக்கு இசைத்துவைத்து, ஒவ்வொரு நரம்பையும் முறையே குரலாகக் கொண்டால், நரம்பை முறுக்காமலே ஏழு பாலைகள் பிறக்கும். ஆயின் ஏழாம் நரம்பைக் குரலாக்கினால் அதற்கு மேலே நரம்பு இல்லை. அதிலிருந்து மேற்குரல் வரை செல்ல இன்னும் ஏழு வேண்டும், ஆகப் பதினான்கு. ஏழு பாலைகளையும் குறைவின்றி இசைத்தற்குச் சகோடயாழின் பதினான்கு நரம்புகள் அளவாக அமைகின்றன. இருபத்தொன்று மெலிவு, சமன், வலிவு என்னும் மூன்று தானங்களுக்கும் ஏழேழாக நிற்கும். மூன்று தானங்களை நீளத்தால் மாத்திரம் பெறுவதாயின், மிகக் குறுகிய நரம்பு ஒரு சாணெனின் மிக நீண்டது ஏழு சாணுக்கு மேலாதல் வேண்டும். அத்தகைய கருவியை மடியில் வைத்தல் அரிது. ஆதலால் நீளத்தோடு நரம்பின் பருமையையும் இறுக்கத்தையும் வேறுபடுத்துதல் வேண்டும்.

நான்காவது, இசையை எத்துணைக் கூறாக்குவது என்பது. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்திலே ஒரு தானத்தை 24 சம சுருதிகளாக வகுத்தார். அடிகளார் 22 அலகுகளைக் கொண்டார். குரல் நான்கு, துத்தம் நான்கு, கைக்கிளை மூன்று, உழை இரண்டு, இளி நான்கு, விளரி மூன்று, தாரம் இரண்டு என்பது கணக்கு. 36 அங்குல நரம்பு குரலாயின் அதன் அரைப்பங்காகிய 18 அங்குலம் மேற்குரல். மூன்றில் இரண்டு பங்காகிய 24 அங்குலம் இளி. நான்கில் மூன்று பங்காகிய 27 அங்குலம் உழை. குரலிலிருந்து உழை ஒன்பதாம் அலகிலும் இளி பதின்மூன்றாம் அலகிலும் நிற்கும். ஒன்பதும் பதின்மூன்றும் சேர இருபத்திரண்டு. கித்தார் செய்வோர் ஒரு தானத்தைப் பன்னிரண்டு சமகூறாக்கி மெட்டுப் பதிப்பர். அதனால் எச்சுரத்திலிருந்து தொடங்கினும் ஒரே வகையாக வாசிக்கலாம். அதற்கு விலையாக இளி தன் தூய நிலையினின்றும் ஓரணு விலகிவிடும். யாழுக்கு அவ்விட்டுக்கொடுப்பு வேண்டுவதில்லை. செவி ஒப்பும்வரை ஒவ்வொரு நரம்பையும் தனித்தனியே முறுக்கலாம்.

இத்துணைக் கணக்குக் கூறியவர் உலர்ந்த உள்ளத்தினரல்லர். மட்டக்களப்பு வாவியிலே இராக்காலத்தில் எழும் இசையை நீரரமகளிர் பாடலாகக் கற்பனை செய்து அவர் பாடிய செய்யுளும் யாழ் நூலிலேயே உள்ளது. பிறந்த ஊரின் வாவியொலியும் கல்லூரி ஆய்வுகூடமும் அவருள்ளத்தில் அருகருகே இருந்தன.

1947ஆம் ஆண்டு ஜூன் 5, 6 ஆகிய நாட்களில், திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே, கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் யாழ் நூல் அரங்கேறியது. அடிகளாரின் ஆராய்ச்சிவழிச் செய்யப்பெற்ற முளரியாழ் முதலிய கருவிகளை ஊர்வலமாகக் கொண்டு சென்றனர், க. பொ. சிவானந்தம் பிள்ளை அவற்றை மீட்டினார். உடல் நலிந்திருந்த அடிகளார் ஏட்டிலே கண்டதைக் காதாற் கேட்டார். ஆறு கிழமை கழிந்து, ஜூலை 19ஆம் நாள், தம் ஐம்பத்தைந்தாம் வயதிற் கொழும்பிலே மறைந்தார். அவருடல் சிவானந்த வித்தியாலய வளவிலே அடக்கஞ் செய்யப்பெற்றது.

இனி என் மாணவன் கதைக்கு வருகிறேன். யாழ் நூலைப் படித்தபின், அவனும் அவன் தந்தையாரும் யானுமாக ஏழு நரம்பு கொண்ட சிறு யாழொன்று செய்யத் துணிந்தோம். முருக்கு என்றதும் எங்கள் வேலியில் நிற்கும் முள்முருக்கே நினைவுக்கு வந்தது. பத்தரை அதிலே குடைந்து ஆட்டுத்தோல் போர்த்தோம். கொன்றைக் கொம்பு கோடாயிற்று. தந்தையார் மரம் இன்னும் உலரவில்லை, ஒரு கோடை பொறுக்க வேண்டும் என்று இருமுறை தடுத்தார். பாடசாலை விழாவுக்கு அதனைக் காட்டிவிடும் ஆசையால் யான் செவிசாய்க்கவில்லை. விழாவன்று காலையிற் கோடு உள்நோக்கி வளைந்திருந்தது. ஏழு நரம்பும் தளர்ந்திருந்தன. மரக்குற்றங்களை மாணவருக்கு மனனஞ் செய்வித்த பண்டிதன் பச்சைமரத்தில் நரம்பு கட்டினான். அத்தச்சருக்கு முன்னே அன்று யான் தலைகுனிந்தேன்.

மறுகோடையில் உலர்ந்த கொம்பிலே அவர் வேறு கோடு செய்து தந்தார். அது நிற்கிறது. இப்போது அரங்கேற்று காதை தொடங்குமுன் அதனை மேசைமீது வைக்கிறேன். குரலையும் இளியையும் ஒருங்கே மீட்டினால், அவ்விரண்டும் கூடும் இடத்தைப் பின்வாங்கிலிருக்கும் பிள்ளையும் செவியால் அறிந்துகொள்கிறான். அண்மையாண்டுகளிலே சென்னையில், கித்தார் செய்யும் இளைஞர் ஒருவர் யாழைச் செய்து மேடையேற்றியிருக்கிறார் என்றறிந்து மகிழ்ந்தேன். அடிகளார் அளவுகளையும் கணக்குகளையும் எழுதி வைத்தார். செய்பவர் கைகளுக்கு அவை காத்திருக்கின்றன. யாழின் பெயர் தாங்கிய இந்நாட்டிலே உலர்ந்த கொன்றையும் நல்ல தச்சரும் இன்னும் உளர். பண்டிதராகிய நாம் அவர்களிடஞ் சென்று கேட்டல் வேண்டும்.